இலைக்கு விலை என்ன? இலையுதிர் காலப் படங்களும் பட வங்கிச் சந்தையும்

விண்டோஸ் எக்ஸ்பி 2001இல் வெளிவந்தபோது அதனுடன் சில பின்னணிப் படங்களும் வந்தன. அவற்றில் இரண்டை உலகெங்கும் கோடிக்கணக்கானோர் பார்த்திருப்பார்கள். ஒன்று, பச்சைக் குன்றும் நீல வானமும் கொண்ட 'பிளிஸ்'. மற்றொன்று, இலை பழுத்த மரங்களுக்கு நடுவே இலைச் சருகு மூடிய பாதையைக் காட்டும் 'ஆட்டம்' (Autumn). முதல் படத்தை 1996இல் கலிபோர்னியாவின் சொனோமா வட்டாரத்தில் எடுத்தவர் சார்லஸ் ஓ'ரியர். இரண்டாவதைக் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், பர்லிங்டன் பக்கத்தில் எடுத்தவர் பீட்டர் பூரியன். இரண்டு படங்களும், படங்களுக்கு உரிமம் விற்கும் கார்பிஸ் என்ற பட வங்கியின் தொகுப்பில் இருந்தவை. 'பிளிஸ்' படத்தின் உரிமையை மைக்ரோசாஃப்ட் பெருந்தொகை கொடுத்து வாங்கியது. தொகையை வெளியே சொல்லக் கூடாது என்பது ஒப்பந்தம். 'ஆட்டம்' படம் சாதாரண உரிமத்தில் போனது. பூரியனுக்குக் கிடைத்தது 45 டாலர்.

ஒரே நிறுவனம் ஒரே வேலைக்கு வாங்கிய இரண்டு படங்களுக்கு இடையே ஏன் இவ்வளவு வித்தியாசம்? அழகு காரணமல்ல. படம் எந்த நிபந்தனையில் கைமாறியது என்பதே காரணம். இலையுதிர் காலப் படங்களை எடுத்துச் சிறு வருமானம் பார்க்க நினைப்பவர்கள் பெரும்பாலும் நிறத்தின் பின்னால் ஓடுகிறார்கள். நிறம் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. காசு தருவது நிறத்தைச் சுற்றியிருக்கும் மற்றவை: எந்த மரம், எந்த ஊர், எந்தத் தேதி, யாருக்கு எதற்குப் பயன்படும், எந்த உரிமத்தில் விற்கிறோம். இந்தத் துறையின் வரலாறு, தொழில்நுட்பம், வரவு செலவு ஆகியவற்றை வரிசையாகப் பார்த்தால் இது விளங்கும்.

நிறம் மாறும் கணக்கு

பகல் பொழுது குறையத் தொடங்கியதும் மரம் பச்சையம் உற்பத்தி செய்வதை நிறுத்துகிறது. இருக்கும் பச்சையத்தையும் சிதைத்து, அதிலுள்ள சத்துகளைக் கிளைக்குள் இழுத்துக்கொள்கிறது. அப்போது இலைக்குள் ஏற்கெனவே இருந்த கரோட்டினாய்டுகள் மஞ்சளாகவும் ஆரஞ்சாகவும் வெளியே தெரிகின்றன. சிவப்பின் கதை வேறு. ஆந்தோசயனின் என்னும் சிவப்பு நிறமி இலையில் தங்கிய சர்க்கரையிலிருந்து அந்தப் பருவத்தில் புதிதாக உருவாகிறது. நல்ல வெயில் அடிக்கும் பகலும், உறைபனி விழாத குளிர்ந்த இரவும் தொடர்ந்தால் சிவப்பு ஆழமாகும். மழையும் மேகமும் வெதுவெதுப்பான இரவுகளுமாகப் போனால் மங்கிவிடும்.

படம் எடுப்பவருக்கு இதில் நேரடியான பாடம் உண்டு. பிர்ச், ஆஸ்பென், லார்ச் போன்ற மஞ்சள் மரங்களை நம்பிப் பயணத்தைத் திட்டமிடலாம். மேப்பிளின் சிவப்பு ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஒன்டாரியோவின் அல்கோன்குவின் பூங்கா 1893இல் நிறுவப்பட்டது. டொராண்டோவிலிருந்து வடக்கே ஏறக்குறைய மூன்று மணி நேரக் கார்ப் பயணம். அங்கே சர்க்கரை மேப்பிள் செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் தொடக்கத்துக்குள் உச்சம் தொடும். ஆஸ்பென்கள் அதற்கடுத்து மஞ்சளாகும். சதுப்பு நிலங்களில் நிற்கும் டமராக் மரங்கள் அக்டோபர் நடுவில்தான் பொன்னாகும். டொராண்டோ நகரத் தெருக்களில் நிறம் ஏறுவதும் காட்டுக்குப் பிந்தியே. ஒரு வார இறுதி தவறிப்போனால் பருவமே போய்விட்டது என்று வருந்துகிறவர்கள், தெற்கே வந்தாலோ மரத்தை மாற்றினாலோ இன்னும் சில வாரங்கள் கையில் இருப்பதைக் கவனிப்பதில்லை. டொராண்டோவைச் சுற்றி வாழும் ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த நாட்காட்டி வாசலிலேயே கிடைக்கிறது.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு மிக அருகிலுள்ள பெரிய இலையுதிர் காலம் காஷ்மீரில்தான். சினார் மரங்கள் அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் நடுவரை செம்பழுப்பாகும். ஸ்ரீநகரில் காஷ்மீர் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருக்கும் முகலாயர் காலத்து நசீம் பாக் இதற்குப் பெயர் பெற்றது. ஜப்பானின் கியோட்டோவில் மேப்பிள் சிவக்க நவம்பர் இரண்டாம் பாதி ஆகும். தமிழ்நாட்டின் இலையுதிர் காடுகள் குளிருக்காக அல்ல, வறட்சிக்காகவே இலை உதிர்க்கின்றன. முதுமலையில் அது ஆண்டின் தொடக்க மாதங்களில் நடக்கும். நம் தெருக்களில் நிற்கும் நாட்டு வாதுமை மட்டும் உதிர்வதற்கு முன் இலையைச் சிவப்பாக்கிக் காட்டும்.

சந்தை வந்த வழி

இலையுதிர் காலத்தைக் கலர் ஃபிலிமில் கலையாக நிலைநிறுத்தியவர்களில் எலியட் போர்ட்டர் முக்கியமானவர். அமெரிக்க எழுத்தாளர் தோரோவின் எழுத்துகளோடு போர்ட்டரின் படங்களை இணைத்து சியரா கிளப் என்னும் சூழல் அமைப்பு 1962இல் வெளியிட்ட நூல் பரவலாக விற்றது. அதற்கு முன்பே அமெரிக்காவின் வெர்மான்ட் மாநில அரசு 1946இல் 'வெர்மான்ட் லைஃப்' என்ற இதழைத் தொடங்கியிருந்தது. சுற்றுலாப் பயணிகளை இழுப்பதே நோக்கம், மாநிலத்தின் சிவந்த மலைகளே அதன் மூலதனம். அந்த இதழ் 2018இல் நின்றுபோனது. இலைப் படத்துக்கு நேரடியாகப் பணம் கொடுத்து வாங்கிய அச்சு இதழ்களின் காலம் சுருங்கியதற்கு அது ஓர் அடையாளம்.

எடுத்து வைத்த படத்தை வாடகைக்கு விடும் தொழில் அதைவிடப் பழையது. அமெரிக்காவில் எச். ஆம்ஸ்ட்ராங் ராபர்ட்ஸ் 1920இல் தொடங்கிய நிறுவனத்தை இத்துறையின் முன்னோடி என்பார்கள். நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த ஓட்டோ பெட்மன் 1936இல் நியூயார்க்கில் தன் படத்தொகுப்பை நிறுவினார். ஸ்லைடுகளின் காலத்தில் ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் தனி விலை. எந்த இதழ், எத்தனை பிரதி, அட்டையா உள்பக்கமா, எத்தனை மாதம் என்று கேட்டுக் கட்டணம் போடுவார்கள். நல்ல இலைப் படம் ஒன்று ஆண்டுதோறும் ஒரு காலண்டரில் இடம் பிடித்தாலே எடுத்தவரின் பயணச் செலவு திரும்பி வந்துவிடும்.

1990களில் 'ராயல்டி ஃப்ரீ' வந்தது. ஒருமுறை பணம் கட்டினால் போதும், பலமுறை பயன்படுத்தலாம். 2000இல் கனடாவின் கால்கரியில் புரூஸ் லிவிங்ஸ்டன் தொடங்கிய ஐஸ்டாக்ஃபோட்டோ, படங்களை மிக மலிவாகத் தரத் தொடங்கியது. 2003இல் ஜான் ஓரிங்கர் தன் சொந்தப் படங்கள் 30,000-ஐ வைத்துக்கொண்டு ஷட்டர்ஸ்டாக்கைத் திறந்தார், மாதச் சந்தா முறையில். கெட்டி இமேஜஸ் 2006இல் ஐஸ்டாக்கை 5 கோடி டாலருக்கு வாங்கியது. அடோபி 2015இல் ஃபோட்டோலியாவை வாங்கி அடோபி ஸ்டாக் ஆக்கியது. 2013இல் வந்த அன்ஸ்பிளாஷ் படங்களை இலவசமாகவே கொடுத்தது. அதையும் கெட்டி 2021இல் வாங்கிக்கொண்டது. கெட்டியும் ஷட்டர்ஸ்டாக்கும் ஒன்றாக இணையப் போவதாக 2025 ஜனவரியில் அறிவித்தன. கால் நூற்றாண்டில் விற்கும் இடங்கள் சில பெரிய நிறுவனங்களுக்குள் அடங்கின. ஒரு படத்தின் விலையோ டாலரிலிருந்து சென்ட்டுக்கு இறங்கியது.

எல்லோர் கையிலும் இருக்கும் சரக்கு

ஊரில் எல்லாத் தோட்டத்திலும் ஒரே வாரத்தில் தக்காளி பழுத்தால் சந்தையில் என்ன நடக்குமோ, அதுதான் இலைப் படத்துக்கும் நடக்கிறது. இலைக்கு யாரிடமும் கையெழுத்து வாங்க வேண்டாம். மாடலுக்குக் கூலி இல்லை. கேமரா வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அக்டோபரில் வெளியே போகிறார்கள். சிவப்பு மேப்பிள் இலையின் நெருக்கப் படம் பட வங்கிகளில் மலைபோல் குவிந்திருக்கிறது. இன்னொன்றைச் சேர்ப்பதால் வாங்குபவருக்கு எந்தப் புதுப் பயனும் இல்லை.

வாங்குபவர் யார் என்று யோசித்தால் வழி தெரியும். பட வங்கிக்கு வருகிறவர் இலையை ரசிக்க வருவதில்லை. அவரிடம் ஏற்கெனவே ஒரு வாக்கியம் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் வைக்க ஒரு படம் வேண்டும். "குளிர்காலத்துக்கு முன் கூரை ஓரத் தண்ணீர்த் தாரையைச் சுத்தம் செய்யுங்கள்" என்று எழுதும் வீட்டுப் பராமரிப்பு நிறுவனத்துக்கு இலை அடைத்த தாரை வேண்டும். "ஈர இலை படர்ந்த சாலையில் கவனம்" என்னும் காப்பீட்டு நிறுவனத்துக்கு நனைந்த இலைமேல் நிற்கும் டயர் வேண்டும். பிரிட்டனில் ரயில் தண்டவாளத்தில் இலைகள் நசுங்கி வழுக்கும் படலமாகி, ஆண்டுதோறும் ரயில்கள் தாமதமாகின்றன. அதை எழுதும் நாளிதழுக்கு இலை விழுந்த தண்டவாளம் வேண்டும். காய்ச்சல் தடுப்பூசி, கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைப்பது, வீட்டைச் சூடாக்கும் உலையைச் சரிபார்ப்பது, முதியோர் நலம், இலை ஊதும் இயந்திரத்தின் இரைச்சல் என்று இலையுதிர் காலத்தோடு ஒட்டிய வாக்கியங்கள் ஏராளம். ஒவ்வொன்றிலும் இலை துணைப் பாத்திரம்தான். அதை எடுக்க யாரும் மலை ஏறுவதில்லை, எனவே போட்டியும் குறைவு.

காஷ்மீரிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. உதிர்ந்த சினார் இலைகளைப் பெருக்கிக் குவித்து, மூட்டமாக எரித்துக் கரியாக்கி, குளிர்காலத்தில் காங்கிரி என்னும் கணப்புச் சட்டியில் போட்டுக்கொள்வது அங்கே வழக்கம். சிவந்த சினார் மரத்தைப் படம் எடுக்கப் பயணிகள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். இலை குவிப்பதிலிருந்து காங்கிரி வரை முழு வேலையையும் வரிசையாக எடுத்து, ஒவ்வொரு படத்துக்கும் விளக்கம் எழுதியவரிடம் இருப்பது ஒரு கட்டுரைக்குத் தேவையான படத் தொகுதி. அதற்கு ஈடு எளிதில் கிடைக்காது.

மரத்தின் பெயரும் இப்படித்தான். கனடா வங்கி 2012இல் வெளியிட்ட 20 டாலர் பாலிமர் நோட்டில் இருந்த இலை, கனடாவின் சர்க்கரை மேப்பிள் போல் இல்லை, வெளிநாட்டிலிருந்து வந்த நார்வே மேப்பிள் போல் இருக்கிறது என்று தாவரவியலாளர்கள் குறை சொன்னார்கள். அது பொதுவாக வரைந்த இலை என்று வங்கி பதில் சொன்னது. பாடநூல், பூங்கா அறிவிப்புப் பலகை, நாற்றுப் பண்ணை போன்றவற்றுக்குப் படம் தேடுபவர் "சிவப்பு இலை" என்று தேட மாட்டார். ஏசர் சக்காரம் என்ற தாவரவியல் பெயரைப் போட்டுத் தேடுவார். காம்பைக் கிள்ளினால் பால் வடிந்தால் அது நார்வே மேப்பிள். வடியாவிட்டால் சர்க்கரை மேப்பிளாக இருக்கலாம். இதைக் களத்திலேயே பார்த்துக் குறித்துவைப்பவரின் படம் அந்தத் தேடலில் மேலே வரும்.

எடுக்கும் முறை

இலையின் மேல்தோல் மெழுகு பூசியதுபோல் மினுங்கும். அந்த மினுக்கு நிறத்தை வெளிறச் செய்யும். போலரைசர் ஃபில்டரைத் திருப்பி அதைக் குறைப்பதே இத்துறையின் முதல் பாடம். அதற்கு ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சம் இழக்க நேரும். அகலக் கோண லென்ஸில் போட்டால் வானம் ஒரு பக்கம் கறுத்தும் மறுபக்கம் வெளிறியும் தெரியும். காட்டுக்குள் மூட்டமான வானமே நல்லது. மழை நின்ற அடுத்த அரை மணி நேரம் அதைவிட நல்லது. ஈர இலையின் நிறமும் கருத்த மரப்பட்டையும் ஒன்றையொன்று எடுத்துக் காட்டும். வெயில் இருந்தால் இலைக்குப் பின்னாலிருந்து ஒளி வரும்படி நின்று, நரம்புகள் தெரிய எடுக்கலாம்.

ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் இலையின் வெம்மையைத் தவறு என்று நினைத்துக் குளிரூட்டிவிடும். ரா ஃபைலாக எடுத்து, பகல் ஒளிக்கோ மேகமூட்டத்துக்கோ உரிய அளவில் வைப்பது பாதுகாப்பு. மொத்த ஹிஸ்டோகிராம் சரியாகத் தெரிந்தாலும் சிவப்பு சேனல் மட்டும் தனியாக எரிந்துபோகும் ஆபத்து உண்டு. அப்படி எரிந்தால் இலையின் மடிப்புகள் மறைந்து ஒரே சிவப்புப் பூச்சாகிவிடும். எடிட் செய்யும்போது சாச்சுரேஷனை ஏற்றி ஏற்றிக் கண்ணைப் பறிக்கச் செய்வது அடுத்த ஆபத்து. பட வங்கிகளின் தரச் சோதனையில் அத்தகைய படங்களும், சென்சார் தூசிப் புள்ளி உள்ளவையும், காற்றில் அசைந்து மங்கியவையும் திரும்பி வரும்.

வணிகப் பயனுக்கு எடுப்பவர் கூடுதலாக இரண்டைச் செய்வார். எழுத்துப் போட வெற்றிடம் விட்டு ஒன்றும், அதையே செங்குத்தாக ஒன்றும் எடுப்பார். பெயர் தெரிந்த இலைகளைப் புத்தகத்துக்குள் அழுத்தி உலர்த்தி, வெள்ளைப் பின்னணியில் அல்லது ஸ்கேனரில் வைத்துத் தனித்தனியாகப் பதிவுசெய்வார். குளிர்காலத்தில் வீட்டுக்குள் உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை இது.

நேரக் கணக்கும் தலைகீழானது. அக்டோபர் இதழுக்கான படத்தை ஆசிரியர் கோடையிலேயே தேடுகிறார். எனவே இந்த ஆண்டு எடுத்தது பெரும்பாலும் அடுத்த ஆண்டுக்கான சரக்கு. ஜூலை, ஆகஸ்டுக்குள் பட வங்கியில் ஏறியிருந்தால் தேடல் தொடங்கும்போது படம் தயாராக இருக்கும்.

அனுமதிகள்

இலைக்கு அனுமதி வேண்டாம், வீட்டுக்கு வேண்டும். வெர்மான்டின் பாம்ஃப்ரெட் ஊரில் ஸ்லீப்பி ஹாலோ பண்ணை என்ற தனியார் வீடு சமூக ஊடகங்களில் புகழ்பெற்றது. வண்டிகள் குவிந்து ஊர்க்காரர்கள் நடமாட முடியாமல் போனதால் 2023இல் நிறம் உச்சத்தில் இருந்த வாரங்களில் அந்தச் சாலையை வெளியாருக்கு மூடினார்கள். அடையாளம் தெரியும் தனியார் வீட்டை விளம்பர உரிமத்தில் விற்க உரிமையாளரின் ஒப்புதல் கையெழுத்து தேவை. முகம் தெரியும் மனிதருக்கும் அப்படியே. அது இல்லாவிட்டால் செய்தி, கல்வி போன்ற பயன்களுக்கு மட்டுமான எடிட்டோரியல் பிரிவில் விற்கலாம். கியோட்டோவின் பல கோயில்களில் முக்காலிக்கே தடை. தேசியப் பூங்காக்களில் வணிகப் படப்பிடிப்பு விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். போவதற்கு முன் படித்துக்கொள்வது நல்லது.

வரவும் செலவும்

அடோபி ஸ்டாக் படத்துக்கு 33 சதவீதம் பங்கு தருகிறது. சந்தாதாரர் பதிவிறக்கினால் புதியவருக்கு வருவது பெரும்பாலும் 33 சென்ட். ஷட்டர்ஸ்டாக் 2020 ஜூனில் தன் முறையை மாற்றியது: பங்கு 15 முதல் 40 சதவீதம் வரை ஆறு படிகள். ஒவ்வொரு ஜனவரியிலும் எல்லோரும் மீண்டும் கீழ்ப்படியிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு படத்துக்குக் குறைந்தது 10 சென்ட். படம் தருபவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள், பலர் தங்கள் தொகுப்பை முடக்கினார்கள், முறை மாறவில்லை. அடோபியில் 25 டாலர் சேர்ந்தால்தான் பணத்தை எடுக்கலாம். 33 சென்ட் வீதம் அதற்கு 76 பதிவிறக்கங்கள் வேண்டும். அதே 25 டாலருக்கு 10 சென்ட் வீதம் என்றால் 250.

ஒருவர் 300 இலைப் படங்களை ஏற்றி, சராசரியாக ஒவ்வொன்றும் ஆண்டுக்கு இருமுறை 30 சென்ட்டுக்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். ஆண்டு வருமானம் 180 டாலர். டொராண்டோவிலிருந்து அல்கோன்குவினுக்கு இரண்டு முறை போய்வந்து தங்கினாலே இதில் பெரும்பகுதி கரைந்துவிடும். படத்துக்குத் தலைப்பும் குறிச்சொற்களும் எழுதும் நேரம் இந்தக் கணக்கில் சேரவில்லை. அடோபியில் ஒரு படத்துக்கு 49 சொற்கள் வரை கொடுக்கலாம், முதல் 10 சொற்களுக்கு எடை அதிகம். இந்தியாவில் இருப்பவர் டபிள்யூ-8பென் என்னும் அமெரிக்க வரிப் படிவத்தைக் கொடுக்காவிட்டால், அமெரிக்காவில் விற்ற படத்தின் ராயல்டியில் 30 சதவீதம் வரியாகப் பிடிக்கப்படும். கொடுத்தால் இருநாட்டு வரி ஒப்பந்தப்படி 15 சதவீதமாகக் குறையும்.

எனவே இலைக்காக மட்டும் பயணம் போனால் நஷ்டம். குடும்பத்தோடு எப்படியும் போகும் பயணத்தில், அல்லது வீட்டு வாசலில், ஏற்கெனவே இருக்கும் கேமராவில் எடுத்தால் வரவு வரவுதான். தனி உரிமம் கேட்காத பட வங்கிகள் பலவற்றில் ஒரே படத்தை ஏற்றலாம். உள்ளூர்க் காலண்டர், வாழ்த்து அட்டை, சுவர்ப் படம், வட்டார இதழ் போன்ற நேரடி விற்பனையில் ஒரு படத்துக்குக் கிடைப்பது பல நூறு பதிவிறக்கங்களுக்குச் சமமாகலாம்.

செயற்கை நுண்ணறிவு வந்த பின்

கெட்டி 2022 செப்டம்பரில் செயற்கையாக உருவாக்கிய படங்களை ஏற்க மறுத்தது. அடோபி ஸ்டாக் அதே ஆண்டின் இறுதியில் அடையாளக் குறிப்போடு ஏற்கத் தொடங்கியது. 2023 மார்ச்சில் அடோபி அறிமுகம் செய்த ஃபயர்ஃபிளை, பெரும்பாலும் அடோபி ஸ்டாக் தொகுப்பைக் கொண்டு பயிற்றப்பட்டது. அதற்காகப் படம் தந்தவர்களுக்கு ஒரு போனஸ் கொடுத்தார்கள். தன் இலையைப் பார்த்துக் கற்ற இயந்திரத்தோடு தானே போட்டியிட வேண்டிய நிலை இன்றைய படக்காரருக்கு.

இந்தப் போட்டி எல்லாப் படத்தையும் ஒரே அளவில் தாக்கவில்லை. பனித்துளி விழுந்த சிவப்பு இலை, மங்கலான பின்னணி, ஒளிக்கீற்று ஆகியவற்றை இயந்திரம் சில நொடிகளில் தரும். குறிப்பிட்ட ஆண்டின் அக்டோபர் 5ஆம் தேதி குறிப்பிட்ட ஏரிக்கரை எப்படி இருந்தது என்பதை அது தர முடியாது, ஏனென்றால் அதற்கு யாராவது அங்கே நின்றிருக்க வேண்டும். தொடர்ந்து பல ஆண்டுகள் ஒரே இடத்தில் ஒரே மரத்தை எடுத்துத் தேதியோடு வைத்திருப்பவரின் தொகுப்பு, வெப்பம் கூடும் காலத்தில் இலை நிறம் மாறும் நாள் நகர்வதற்குச் சான்றாகவும் பயன்படும்.

முடிவாக

இதுவரை பார்த்தவை ஒரே திசையைக் காட்டுகின்றன. பொதுவான அழகின் விலை ஒவ்வொரு கட்டத்திலும் இறங்கியிருக்கிறது: முதலில் சந்தா, பிறகு இலவசம், இப்போது இயந்திரம். குறிப்பான தகவலின் விலை அந்த வேகத்தில் இறங்கவில்லை. ஆகவே தொடங்குபவர் லென்ஸ் வாங்கும் முன் ஒரு மர அடையாளக் கையேட்டை வாங்கலாம். எந்தப் படத்தை மலிவு உரிமத்தில் விடுவது, எதை நேரடி விற்பனைக்கு ஒதுக்குவது என்று ஏற்றும் முன்பே பிரித்துக்கொள்ளலாம். ஆயிரம் படம் ஏற்றும் ஆசையை விட்டு, தான் நன்றாக அறிந்த ஒரே ஊரை முழுமையாக எடுக்கலாம். கிடைப்பது மாதச் சம்பளமாக இருக்காது. ஃபில்டர் செலவும் பெட்ரோல் செலவும் திரும்பி வந்து, கையில் கொஞ்சம் மிஞ்சினால் அதுவே இந்தத் தொழிலில் நல்ல ஆண்டு. அந்த அளவை முன்பே ஏற்றுக்கொண்டு இறங்குபவருக்கு ஏமாற்றம் இல்லை.